என் மேல கோபமா?

2021 ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் சமையலறை மேடை ஓரமாக நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கேட்டேன்: "ஏங்க, என் மேல கோபமா?"

அவர் டவராவைக் கீழே வைத்தார். திரும்பவில்லை. "காலையிலேர்ந்து இது பதினோராவது தடவை" என்றார்.

அந்தக் குரலில் கோபம் இல்லை. இன்று யோசித்தால் அது வெறும் அலுப்பு. ஒரே கேள்விக்குப் பத்து முறை "இல்லம்மா" என்று பதில் சொன்ன மனிதரின் அலுப்பு. ஆனால் அன்று என் காதில் அப்படி விழவில்லை. பார்த்தாயா, கோபம்தான், இவ்வளவு நேரம் மறைத்துக்கொண்டிருந்தார் என்றது மனசு. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். எனக்காக ஆற்றிய காபி, மேலே ஆடை படிந்து, மத்தியானம் வரை மேடையிலேயே இருந்தது.

எனக்கு மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் சொன்னது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான். அப்போதும் நான் நம்பவில்லை. நான் அழவே இல்லையே! அந்த நோய் வந்தவர்கள் எந்நேரமும் அழுதுகொண்டு இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு இருந்தது வேறு மாதிரி. எல்லாரும் என்னை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறார்கள் என்று ஒரு நிச்சயம். அதற்கு ஆதாரமும் தினம் தினம் கிடைத்தது. அந்த ஆதாரத்தை உண்டாக்கியதே என் நோய்தான் என்று புரிய ரொம்ப நாளாயிற்று.

இந்த நோயைப் பத்திரிகைகளிலும் டிவியிலும் பெரும்பாலும் "மன அழுத்தம்" என்று சொல்லிவிடுகிறார்கள். வேலைப்பளு, பரீட்சை பயம், கடன் தொல்லை எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். அதனால் யாரிடமாவது சொன்னால், "யாருக்குத்தான் இல்ல?" என்று பதில் வரும். எங்கள் ஊர்ப் பக்கம் அந்தச் சொல்லும் கிடையாது. "மனசு சரியில்ல", "ஒரு மாதிரியா இருக்கா", "நேரம் சரியில்ல". இன்னும் பல பேருக்கு அது தலைவலியாக, அசதியாக, நெஞ்சுப் படபடப்பாகத்தான் வெளியே தெரியும். 2015-16இல் பெங்களூரில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதற்கு ஆட்படுகிறார். அதாவது ஒரு சின்னக் கல்யாண மண்டபத்துப் பந்தியில் ஒரு வரிசைக்கு ஒருவர். அவர்களில் பெரும்பாலானவர்கள் சிகிச்சைக்கே போவதில்லை.

என் கேள்விக்கு வருகிறேன். "கோபமா?" என்று கேட்பேன். "இல்லை" என்பார். அரை நிமிடம் மனசு லேசாகும். அப்புறம் ஒரு சந்தேகம்: கேட்டதற்காக அப்படிச் சொல்கிறாரோ? நான் வருத்தப்படக் கூடாதே என்று சொல்கிறாரோ? முகத்தை இன்னொரு முறை பார்ப்பேன். புருவம் கொஞ்சம் சுருங்கியிருக்கும், செல்போன் வெளிச்சத்துக்காக. திரும்பவும் கேட்பேன். நாலாவது முறை "இல்ல" என்பது சுருக்கமாக வரும். ஏழாவது முறை தலையை மட்டும் ஆட்டுவார். பதினோராவது முறை எண்ணிக்கை வரும். கடைசியில் அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு சலிப்பு வந்து உட்கார்ந்துவிடும். எதற்குப் பயந்தேனோ அதை நானே வரவழைத்திருப்பேன்.

பின்னாளில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஜேம்ஸ் காய்ன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976இல் ஒரு சோதனை செய்திருக்கிறார். 45 கல்லூரி மாணவிகளை முன்பின் தெரியாத ஒருவருடன் 20 நிமிடம் தொலைபேசியில் பேச வைத்தார். மறுமுனையில் சிலருக்கு மனச்சோர்வு உள்ளவர், சிலருக்கு வேறு மனநோய் உள்ளவர், சிலருக்கு எந்த நோயும் இல்லாதவர். யாருடன் பேசுகிறோம் என்று மாணவிகளுக்குச் சொல்லவில்லை. மனச்சோர்வு உள்ளவர்களுடன் பேசியவர்கள் போனை வைத்தபோது அவர்கள் மனமும் வாடியிருந்தது. அந்த ஆளோடு மறுபடி பழகவும் அவ்வளவாக விருப்பமில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில், மனவாட்டம் தொற்றிக்கொள்வது எல்லா இடத்திலும் உறுதிப்படவில்லை. ஒதுக்கத் தோன்றுவது மட்டும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆறுதல் தேடித் தேடிக் கேட்பது, கிடைத்த ஆறுதலை நம்ப முடியாமல் மறுபடி கேட்பது, கேட்கப்படுகிறவர் களைத்துப்போவது என்ற சுழலைத்தான் காய்ன் விவரித்தார். தாமஸ் ஜாய்னர் போன்றவர்கள் தொண்ணூறுகளில் அதையே இன்னும் விரிவாக ஆராய்ந்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு முதலில் வலித்தது. இருபது நிமிடத்திலேயே அந்நியருக்கு அலுத்துவிடும் ஆளாகவா இருந்தேன் என்று. இரண்டாவது முறை படித்தபோது வேறொன்று தோன்றியது. மூன்று வருடமாக என் கணவரும் என் வீட்டாரும் அனுபவித்தது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. இந்த நோய்க்கு இப்படி ஒரு போக்கு இருக்கிறது. காய்ச்சலுக்கு உடம்பு சுடுவது போல.

கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்வது வீட்டுக்குள்ளே. வெளி ஆட்களிடம் நான் செய்தது நேர் எதிர். போனை எடுக்க மாட்டேன்.

அம்மா ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடுவாள், சீரியலில் விளம்பரம் போடும் நேரம். போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்திருப்பேன். அதிரும்போது அதன் விளிம்பைச் சுற்றி வெளிச்சம் கசிந்து படுக்கை விரிப்பில் மெல்லிய கோடாக விழும். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு இருப்பேன். கோடு அணைந்ததும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்காது, அம்மா போனைக்கூட எடுக்காத பெண்ணாகிவிட்டேனே என்ற எண்ணம் வந்துவிடும். அந்தக் குற்ற உணர்ச்சியால் திரும்பக் கூப்பிட முடியாது. ஒரு நாள் எடுக்காததற்குச் சாமி அறையில் இருந்தேன், குளித்துக்கொண்டிருந்தேன் என்று ஏதாவது சொல்லலாம். ஒன்பது நாள் எடுக்காததற்கு என்ன சொல்வது? பத்தாவது நாள் எடுக்காமல் இருப்பதுதான் சுலபம்.

கல்லூரியில் என்னுடன் ஒரே அறையில் இருந்த தோழி வீடு கட்டி, பால்காய்ப்புக்கு அழைத்திருந்தாள். பத்திரிகையை நேரில் கொண்டுவந்து கொடுத்தாள், மஞ்சள் தடவி. நான் போகவில்லை. போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. மூன்று வாரம் கழித்து, "உடம்பு சரியில்ல, சாரி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பரவாயில்ல" என்று வந்தது. பெரிய வீட்டில் வாழ்கிறவள் என்னை எதற்குத் தேடப்போகிறாள் என்று என் மனசு அதற்கு ஒரு பொருள் கண்டுபிடித்தது. அவள் ஆசையாகக் கட்டிய வீட்டின் வாசலில் என்னை எதிர்பார்த்து நின்றிருப்பாள் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நட்பு திரும்பவில்லை. குணமானபின் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அலுவலகத்திலும் இதேதான். மூத்த அதிகாரி ஒருவர் என் கோப்பில் ஒரு திருத்தம் சொன்னார். அன்றிரவே ராஜினாமா மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன். வேலை போன பிறகு பணக் கஷ்டம், அதனால் வீட்டில் பேச்சு, அதனால் இன்னும் இருட்டு. வேலை போனதால்தான் இவளுக்கு இப்படி ஆயிற்று என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நடந்தது தலைகீழ். கான்ஸ்டன்ஸ் ஹேமன் என்ற உளவியலாளர் 1991இல் எழுதியது இதைத்தான்: மனச்சோர்வு கண்டவர்கள் வாழ்க்கையில் இடிகள் அதிகம் விழுகின்றன, அவற்றில் ஒரு பங்கு, முக்கியமாக உறவுச் சண்டைகள், அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தாலேயே வருகின்றன. இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கால் உடைந்தவர் நொண்டி நடந்தால் இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும், அது போல.

இனி என் அப்பாவைப் பற்றி. அவரைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்போது, சுமார் இரண்டு வருடம் அப்பா வேறு ஆளாக இருந்தார். சாயங்காலம் வந்ததும் புறவாசலில் முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு, மதிலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். சில நாள் சோற்றில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். சில நாள் உப்பே போடாவிட்டாலும் தெரியாமல் சாப்பிட்டு எழுந்துபோவார். யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை. சனிப் பெயர்ச்சி என்றார்கள், ஆபீஸில் யாரோ பகை என்றார்கள். ஆண்களுக்கு இந்த நோய் பல சமயம் எரிச்சலாகவும் கோபமாகவும்தான் வெளியே வரும் என்று எனக்குத் தெரிந்தது என் முப்பத்தேழாவது வயதில்.

அந்த இரண்டு வருடத்தில் எங்கள் வீடே அவரைச் சுற்றி வளைந்துகொண்டது. வாசலில் சைக்கிள் வந்து நிற்கும் சத்தத்தை நான் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஸ்டாண்டை ஒரே மிதியில் போட்டு "டக்"கென்று கேட்டால் நல்ல நாள். சத்தமே இல்லாமல் சைக்கிளைச் சுவரில் சாய்த்தால், அம்மா ரேடியோவைக் குறைப்பாள், தம்பி விளையாட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு தார்சாவுக்குப் போய்விடுவான், நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா பேசாமல் இருந்தால் நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன். மார்க் குறைந்ததா, பேனா தொலைந்ததா என்று தேடுவேன். தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கத்தானே செய்யும்?

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுபதுகளில் செய்த சோதனை ஒன்று உண்டு. கைக்குழந்தையுடன் கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடம் அப்படியே உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். சத்தம் போடும். ஒன்றும் நடக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைப் படித்ததும் எனக்கு எங்கள் புறவாசல்தான் ஞாபகம் வந்தது. ஒரு நாள் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுபோய் அப்பா முன்னால் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். டம்ளரையும் பார்த்தார். பார்வை மறுபடி மதிலுக்குப் போய்விட்டது. டம்ளரைச் சமையல்கட்டில் மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் நான் எதையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டியதில்லை.

இத்தனைக்கும் எங்கள் வீடு நிறைய ஆட்கள் உள்ள வீடு. ஆச்சி, அத்தை, சித்தப்பா குடும்பம் எல்லாரும் ஒரே வளவில். ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தெற்கு லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே ஆய்வு செய்து 1978இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பெரிய இழப்போ இடியோ வந்தபோது, மனசு விட்டுப் பேச நெருக்கமான ஒருவர்கூட இல்லாத பெண்கள் நோயில் விழும் வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். கூட்டுக் குடும்பத்தில் நமக்கு அந்தக் குறை இல்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அம்மாவைச் சுற்றி அந்த இரண்டு வருடமும் எப்போதும் பத்துப் பேர் இருந்தார்கள். அவள் யாரிடமாவது "எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொன்னால் அது மறுநாளே வளவு முழுக்கப் பரவியிருக்கும். ஆட்கள் இருப்பது வேறு, ஆள் இருப்பது வேறு.

எனக்கு அப்படி ஓர் ஆளாக வந்து சேர்ந்தது மேல்வீட்டு அக்கா. நெருங்கிய பழக்கம் கிடையாது, மாடிப்படியில் பார்த்தால் சிரிப்போம். நான் பத்து நாளாக வெளியே வரவில்லை என்று கவனித்திருக்கிறார். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு முறத்தில் சின்ன வெங்காயத்தோடு வந்து கதவைத் தட்டினார். "மேல ஃபேன் ஓடல. இங்க உட்காந்து உரிச்சுக்கவா?" என்றார். ஃபேன் ஓடவில்லை என்பது பொய் என்று எனக்குத் தெரியும், மேலே அது கிறீச்சிடுவது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். என்ன ஆச்சு, ஏன் இப்படி இருக்கே என்று எதுவும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போ, நாலு பேரோடு பழகு என்று சொல்லவும் இல்லை. பத்து நிமிடம் கழித்து நானும் ஒரு வெங்காயத்தை எடுத்தேன். நுனியைக் கிள்ளி, வேரைக் கிள்ளி, தோலை உருவி, முறத்தில் போட்டேன். அரைக் கிலோ முடிந்ததும், "நாளைக்குப் பூண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பூண்டோடு வந்தார்.

மனச்சோர்வில் இருப்பவரோடு எப்படிப் பழகுவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்த முறத்தைத்தான் சொல்கிறேன். பேசச் சொல்லிக் கேட்டால் எங்களுக்கு அது பரீட்சை. சிரிக்கச் சொன்னால் அது இன்னும் பெரிய பரீட்சை. பக்கத்தில் உட்கார்ந்து கைக்கு ஒரு வேலை கொடுத்தால் அதில் தோற்பதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் அந்த அக்காதான், "ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வரேன்" என்றார். கூட வர யாரும் இல்லாதவர்கள், நடுராத்திரியில் தாங்க முடியாமல் போகிறவர்கள், 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் குமட்டல், வேறு ஒரு மாற்றமும் இல்லை. நாலாவது வாரம் தூக்கம் வந்தது, அப்புறம் பசி வந்தது. தலைக்குக் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்துக்கொண்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் "கோபமா?" நிற்கவில்லை. போனைக் கவிழ்த்து வைப்பதும் நிற்கவில்லை. நோய் இறங்கினாலும் அது பழக்கிவிட்ட பழக்கங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தன. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த மருத்துவமனையின் ஆலோசகர் செய்தது, உறவுகளை மையமாக வைத்த ஒரு பேச்சு சிகிச்சை. ஜெரால்டு கிளெர்மன், மிர்னா வைஸ்மன் ஆகியோர் எழுபதுகளில் அமெரிக்காவில் உருவாக்கியது. மனச்சோர்வை இழப்புத் துயரம், உறவில் பிணக்கு, வாழ்க்கையில் வரும் பெரிய மாற்றம், நெருக்கமான உறவுகளே இல்லாமை என்ற நாலில் ஏதாவது ஒன்றோடு சேர்த்துப் பார்ப்பார்கள். உகாண்டாவின் கிராமங்களில் உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, இதைக் குழுவாக 16 வாரம் நடத்தினார்கள். நல்ல பலன் கிடைத்தது என்று 2003இல் ஆய்வு வெளியானது. டாக்டர் படிப்பு படிக்காதவர்களும் இதைச் செய்ய முடிந்தது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

முதல் நாள் ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையில் இருப்பவர்கள் பெயரை எழுதுங்கள் என்றார். பதினாலு பெயர் எழுதினேன். "நீங்க மாத்திரை சாப்பிடறது இதுல எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டார். ஒருவருக்கு. மேல்வீட்டு அக்கா அந்தத் தாளிலேயே இல்லை. அவரைப் பதினைந்தாவதாக எழுதியபோது இரண்டு பேர் ஆனார்கள்.

ஐந்தாவது முறை என் கணவரையும் வரச் சொன்னார்கள். அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தபடி சொன்னார்: "நான் இல்லைன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறா சார். வீட்டுக்குள்ள போகும்போது முகத்தை எப்படி வெச்சுக்கிறதுன்னே தெரியல. சிரிச்சா நடிக்கிறேங்கிறா. சிரிக்கலைன்னா கோபமாங்கிறா." எனக்குச் சைக்கிள் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்கும் பிள்ளையாக அவரை ஆக்கி வைத்திருந்தேன்.

அன்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் ஒரு முறைதான் கேட்கலாம். அவர் "இல்லை" என்று மட்டும் சொல்லக் கூடாது. உண்மையில் எப்படி இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். தலை வலிக்கிறது, ஆபீஸில் எரிச்சல், பசி, எதுவானாலும் சரி. இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் வழக்கம்போல் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா. கோபம்தான். பால் பாக்கெட்டை வெளியிலயே விட்டுட்டே, திரிஞ்சுபோச்சு" என்றார்.

நான் அப்படியே நின்றேன். எத்தனை வருடமாகப் பயந்த பதில் அது! வந்தேவிட்டது. அதன் அளவு ஒரு பால் பாக்கெட். அரை லிட்டர். எனக்குள் ஏதோ இறங்கியது போல் இருந்தது. "வேற வாங்கிட்டு வரேன்" என்றேன். "நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினார். தெருமுனைக் கடை வரை நடந்து போனோம். அவர் கோபம் கடைக்குப் போவதற்குள்ளேயே தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். வழியில் பக்கத்து வீட்டு நாயைப் பற்றி ஏதோ சொன்னார்.

அம்மாவின் போனை இப்போது எடுக்கிறேன். எடுக்க முடியாத நாளில், "இன்னைக்கு முடியல, நாளைக்குப் பேசறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிடுகிறேன். அந்த ஒரு வரியை எழுதக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று.

போன தை மாதம் அம்மா போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அப்பாவுக்கு இப்போது எழுபத்து நாலு வயது. போனில் அவருடன் பேசுவதென்றால், "சாப்டியா", "சாப்டேன்", "சரி வைக்கேன்", அவ்வளவுதான். அன்று அவர் வைப்பதற்குள் நான் சொன்னேன்: "அப்பா, நான் மனசுக்கு மாத்திரை சாப்டுட்டு இருக்கேன். மூணு வருசமா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பின்னால் குக்கர் விசில் ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. கோபமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. காத்துக்கொண்டிருந்தேன்.

"உறக்கம் வருதா?" என்றார்.

"இப்ப வருதுப்பா."

"எனக்கு அப்ப உறக்கமே கிடையாது, பாத்துக்க. நீங்கள்லாம் சின்னப் பிள்ளைய."

முப்பது வருடத்தில் அதைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று இருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் கேட்டார்:

"அந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிப்பா. ராத்திரி."

"ம்ம். வெறும் வயித்துல போட்டுறாத."